143 போதாது, மச்சான்

பருத்தித்துறை,
மார்கழி.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ஐம்பது வயதைத் தாண்டியபின் விமானத்திலிருந்து குதிக்கப் பழகுகிறவனைப் பற்றி உன் மனைவி என்ன சொல்கிறார் என்று நீ எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே விளங்குகிறது. லண்டனில் பரசூட் மடிக்கும் மேசையோடு கழிந்த என் வருடங்கள் ஊரில் யாருக்கும் பிரயோசனப்படுவதில்லை. இங்கே நான் தறப்பாளும் கடை முகப்புச் சீலையும் தைக்கிறவன். இந்தப் பரசூட் பொதியை வாங்கலாமா என்று நீயாவது கேட்டாயே.

பரசூட் இரண்டையும் அடக்கி முதுகில் போடுகிற அந்தக் கறுப்புச் சிவப்புக் கொன்ரெய்னர் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. தையலிலும் குறை தெரியவில்லை. விலையும் மலிவு என்பதால் உன் மனம் ஏற்கெனவே அதை வாங்கிவிட்டது. என் சம்மதம் மட்டும்தான் பாக்கி. அதை நான் தரப்போவதில்லை. உள்ளே இருக்கிற ரிசேர்வ், அதாவது மெயின் பரசூட் கைவிட்டால் விரிகிற மாற்றுப் பரசூட், 143 சதுர அடி. உனக்கு அது போதாது.

உடம்பு 190 இறாத்தல் என்று எழுதியிருக்கிறாய். உடுப்பு, சப்பாத்து, ஹெல்மெட், முதுகில் ஏறும் பொதி எல்லாம் சேர்ந்தால் 215க்குக் குறையாது. அதை 143 ஆல் வகுத்துப் பார்: சதுர அடிக்கு ஒன்றரை இறாத்தல். மெயின் பரசூட்டில் சதுர அடிக்கு ஓர் இறாத்தலுக்கு மேல் இப்போதைக்கு வேண்டாம் என்று உன் பயிற்றுநர் சொன்னதாக நீயேதான் எழுதியிருக்கிறாய். மெயினில் உனக்கு ஆகாத பாரம் ரிசேர்வில் மட்டும் எப்படி ஆகும்?

அளவு ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றாகப் பறப்பதில்லை. உன் மெயின், காற்று நிரம்பும் ஒன்பது அறை கொண்டது. துணியில் காற்றுப் புகாது. ரிசேர்வ் பெரும்பாலும் ஏழு அறை. காற்றைச் சிறிது கசியவிடும் நைலோன். சட்டென்றும் நேராகவும் விரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் நிலத்துக்குக் கிட்ட வந்து இரண்டு பிரேக் பிடிகளையும் கீழே இழுக்கும்போது, மெயின் உன்னைத் தாங்குகிற அளவுக்கு அது தாங்காது.

“லேபிளில் அச்சிட்ட எடைக்குள்தானே நிற்கிறேன்” என்கிறாய். அந்த எண், துணியும் கயிறும் அந்தப் பாரத்தைத் தாங்கும், சான்றிதழுக்கான சோதனைகளில் தேறும் என்பதற்கான எல்லை. உன் முழங்காலைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை. சி23டி என்ற அமெரிக்கத் தரம், யாரும் கைவைக்காத நிலையில் ரிசேர்வ் விநாடிக்கு 24 அடிக்கு மேல் இறங்கக்கூடாது என்கிறது. பக்கவாட்டு வேகத்தையும் சேர்த்தால் 36 அடி வரை போகலாம். 24 அடி வேகம் என்பது ஒன்பது அடி உயரத்திலிருந்து விழுகிறபோது நிலத்தில் இருக்கும் வேகம். 36 அடி என்பது மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். இவ்வளவும் சோதனையில் தேறிய பரசூட்டின் கணக்கு.

யாரும் கைவைக்காமல் எப்படி இறங்கும் என்று கேட்பாய். உன் பொதிக்குள் சைப்ரெஸ் இருக்கிறதல்லவா, ஜேர்மனியில் ஏயார்டெக் 1991 இல் கொண்டுவந்த அந்தச் சின்னப் பெட்டி? அதன் எக்ஸ்பேர்ட் வகை, ஏறக்குறைய 225 மீற்றர் உயரத்திலும் நீ விநாடிக்கு 35 மீற்றருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசேர்வை மூடியிருக்கும் தடத்தை, அந்தக் கயிற்று வளையத்தை, வெட்டி ரிசேர்வைத் திறந்துவிடும். வானத்தில் இன்னொருவருடைய கால் உன் தலையில் பட்டு நினைவு தப்பியிருந்தால் அதற்குப் பிறகு நடப்பதில் உனக்குப் பங்கில்லை. பிரேக் பாதி இழுத்தபடியே கட்டுண்டிருக்கும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போய் இறங்குவாய். ரிசேர்வின் அளவை நான் எப்போதும் இந்த ஒரு ஆளை மனதில் வைத்துத்தான் தீர்மானிப்பேன். நல்ல நினைவோடு, நல்ல வெயிலில், புல்வெளியில் இறங்குகிறவன் எந்த அளவிலும் சமாளித்துக்கொள்வான்.

நினைவு இருந்தாலும் இடம் உன் கையில் இருக்காது. மெயினோடு மல்லுக்கட்டி, அதை வெட்டிவிட்டு, ரிசேர்வ் விரிந்து முடிய உயரம் கரைந்திருக்கும். நீ குதிக்கிற ஒன்ராறியோவில் சோளக்காடு கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். வடமராட்சியில் என்றால் பனை, முட்கம்பி வேலி, கட்டில்லாத கிணறு என்று நமக்குத் தெரிவு ஏராளம்.

வாடைக்காற்று எழும்பிவிட்டது. வல்வெட்டித்துறையில் பொங்கலுக்கு ஏற்றும் பட்டங்களுக்கு இப்போதே மூங்கில் பிளக்கிறார்கள். இரவில் பட்டத்தில் கட்டிய விண் கூவுகிற சத்தத்தில் நித்திரை இல்லை. 2021 டிசம்பரில் நம் ஊர்ப்பக்கம் ஓர் இளைஞன் பட்டக் கயிற்றோடு மேலே போன வீடியோ உனக்கும் வந்திருக்கும். பட்டமும் காற்றும் அதேதான். பலர் சேர்ந்து பிடித்திருந்தவரை கயிறு நிலத்தில் நின்றது. மற்றவர்கள் கையை விட்டதும் மிஞ்சியவன் மரத்துக்கு மேலே போய்விட்டான். பரப்பும் பாரமும் என்ன உறவு என்பதை உனக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. அவன் உயிர் தப்பினான் என்பதால் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்படியானால் அந்தக் கொன்ரெய்னரையே வாங்கி, உள்ளே 193 ஒன்றைத் திணித்துவிடலாமே என்று யோசிப்பாய். உன் புத்தி எனக்குத் தெரியும். செய்யாதே. கொன்ரெய்னரில் ரிசேர்வ் வைக்கிற அறை குறிப்பிட்ட கன அளவுக்கு வெட்டித் தைத்தது. அதற்கு மேல் அடைத்தால், மடித்து முடிக்கிற ரிக்கர் முழங்காலால் அமத்தித்தான் மூடவேண்டியிருக்கும். பிடியை இழுக்கத் தேவைப்படும் விசை 22 இறாத்தலைத் தாண்டக்கூடாது என்பது விதி. திணித்த பொதியில் அது கைமீறும். விசை சரியாக இருந்தாலும், ரிசேர்வை வெளியே இழுக்கிற சுருள்வில் வைத்த சின்னப் பரசூட், பைலட் சூட், வெளியே பாய்ந்தபின் ரிசேர்வை மடித்து வைத்த பை மூலைகளில் சிக்கி எழும்பத் தாமதிக்கும். தாழ்வாகத் திறக்கும்போது அந்த ஒரு விநாடிதான் உன் முழுச் சொத்து. சிறியதைப் பெரிய அறையில் போட்டாலும் கேடுதான்: தடம் தளர்ந்து மடிப்பு இறுக்கமின்றிக் கிடக்கும்.

ஆகவே வரிசையை மாற்று. எல்லோரும் மெயினில் தொடங்கி, இரண்டு வருடத்தில் மாறப்போகிற சிறிய மெயினின் அளவுக்குக் கொன்ரெய்னர் பார்த்து, மிஞ்சிய இடத்தில் ரிசேர்வைப் போடுகிறார்கள். சிறிய பொதி முதுகில் அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் நான் கேள்விப்படவில்லை. நீ ரிசேர்வில் தொடங்கு. 193 என்றால் சதுர அடிக்கு 1.1 இறாத்தல் வரும், 218 என்றால் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. உன் வயதுக்கும் முழங்காலுக்கும் நான் 218 ஐத்தான் சொல்வேன். 193க்குக் கீழே பேச்சே வேண்டாம். நீ பறக்கிற 210 மெயினோடும் அது ஒத்துப்போகும். தற்செயலாக இரண்டும் ஒன்றாக விரிந்துவிட்டால், அளவில் கிட்ட இருக்கிற சோடி அடங்கிப் பறக்கும். ஒன்று பெரிதும் மற்றது மிகச் சிறிதுமானால் ஒன்றோடொன்று இழுபடும். பொதி பருத்துவிடும் என்று பயந்தால், ஒப்டிமம் போல மெல்லிய துணியில் வருகிற ரிசேர்வுகளைப் பார். அதே இடத்தில் ஏறக்குறைய ஓர் அளவு பெரியது அடங்கும். விலை கூட. மெயின் அறையைச் சிறிதாகவும் ரிசேர்வ் அறையைப் பெரிதாகவும் தைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள், சொல்லித்தான் தைப்பிக்க வேண்டும்.

ஒரு கம்பனியின் 193 இன்னொரு கம்பனியின் 193 அல்ல. பரப்பை அளக்கும் முறை ஆளுக்காள் வேறு, மடித்த பருமனும் வேறு. கொன்ரெய்னரின் தொடர் இலக்கத்தைக் கொடுத்து, எந்த ரிசேர்வ் சரியாகப் பொருந்தும் என்று அதைத் தைத்த நிறுவனத்திடமே எழுதிக் கேள். விற்கிறவன் சொல்வதை நம்பாதே. அவன் நல்லவனாகவே இருக்கலாம், ஆனால் விற்கிறவன். சில கம்பனிகள் ரிசேர்வை மெயினாகப் போட்டுக் குதித்துப் பார்க்க இரவல் தருகின்றன. உன் இடத்தில் கிடைத்தால் விடாதே.

சென்னையிலிருந்து பலாலிக்கு இப்போது நேரே வரலாம், கொழும்புப் பஸ்ஸில் இரவெல்லாம் நெளியத் தேவையில்லை. பொங்கலுக்கு வந்தால் பட்டம் பார்க்கலாம். உன் அக்கா ஒடியற்கூழ் காய்ச்சுவதாகச் சொல்லியிருக்கிறார். வெங்காயத் தோட்டமெல்லாம் மழைவெள்ளத்தில் நிற்பதால் விலையைப் பற்றிக் கேளாதே.

அதற்கு முன் ஒரு வேலை. முழு உடுப்போடும் சப்பாத்தோடும், இரவல் பொதியையும் முதுகில் போட்டபடி தராசில் ஏறி நின்று, காட்டும் எண்ணை உள்ளபடி எழுதி அனுப்பு. 190 என்று நீ சொன்னதை நான் அவ்வளவாக நம்பவில்லை.

அன்புடன்,
உன் மச்சான்