டார்வினிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள கந்தசாமி,

கடிதம் கிடைத்தது. பேத்தி நர்சிங் சேர்ந்ததில் சந்தோஷம். உன் முழங்காலுக்கு நான் மாட்டு வைத்தியம்தான் சொல்ல முடியும், அதனால் விட்டுவிடுகிறேன். இங்கே வட ஆஸ்திரேலியாவில் முதல் மழை பெய்துவிட்டது.

அந்த முர்ரா எருமை இளைத்துக்கொண்டே போகிறது, இருமுகிறது, ஆனால் காசநோயைக் கண்டுபிடிக்கப் போடுகிற டியூபர்குலின் ஊசியில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே காசநோய் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு சீக்கிரம் நிம்மதி அடையாதே. நோய் முற்றிய மாட்டுக்கு அந்த ஊசிக்குத் தோல் தடிக்கும் சக்திகூட இருக்காது. மந்தையிலேயே மோசமானது பரிசோதனையில் தேறிவிடும், கூட நிற்பவை மாட்டிக்கொள்ளும். உன் எருமைக்கு மறுபடி போடுவதானால் 60 நாள் கழியட்டும். மற்ற எருமைகளுக்கு இப்போதே போடச் சொல். கழுத்தில் இரண்டு இடம், ஒன்றில் மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த மருந்து, இன்னொன்றில் பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது. 72 மணி நேரம் கழித்து இரண்டு தடிப்பையும் அளந்து ஒப்பிட வேண்டும். டாக்டர் கையால் தடவிப் பார்த்து முடிவு சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

இந்த ஊரில் மாட்டுக் காசநோயை ஒழித்த கதை பயங்கரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கறிக்காகக் கொண்டுவந்த எருமைகள், அவர்கள் குடியிருப்பைக் கைவிட்டுப் போனதும் சதுப்புக் காட்டில் லட்சக்கணக்கில் பெருகிவிட்டன. அவற்றில் காசநோய். 1970இல் திட்டம் தொடங்கினார்கள். பிடிக்க முடிந்ததைப் பிடித்துச் சோதித்தார்கள், மற்றதை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். ஒரு மாட்டுக்கு ரேடியோ பட்டை கட்டி விட்டால் அது தன் கூட்டத்தைத் தேடிப் போகும், பின்னாலேயே துப்பாக்கியும் போகும். அதற்கு யூதாஸ் என்று பெயர் வைத்தார்களாம்! 1997 கடைசியில் நோய் போய்விட்டது என்று அறிவித்த பிறகும், 2002இல் ஓர் எருமையில் அகப்பட்டது.

சுட்டதைவிட, நோய் என்று கழித்த மாட்டுக்கு நஷ்டஈடு கொடுத்ததுதான் காரியம் என்பேன். நம் நாட்டில் கோமாரிக்கும், கன்று வீச வைக்கிற புருசெல்லா நோய்க்கும் 2019இல் திட்டம் வந்தது. மாட்டுக் காசநோய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. நஷ்டம் முழுக்க வளர்ப்பவன் தலையில் விழுகிறது. அவன் என்ன செய்வான்? சந்தைக்கு ஓட்டிவிடுகிறான், நோய் அடுத்தவன் தொழுவத்துக்குக் குடிபோகிறது. நீயும் தரகரைக் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா.

அந்த எருமையைத் தனியாகக் கட்டு, தண்ணீர்த் தொட்டியும் தனி. அதன் பாலைக் கன்றுகளுக்கு ஊற்றாதே. வீட்டில் காய்ச்சிக் குடிப்பதால் உங்களுக்குப் பால் வழியாகப் பயமில்லை. ஆனால் தீவனம் வைக்கிற பையன் முகத்துக்கு நேரே அது இருமுகிறதே, அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்துவிடு. இதைத் தள்ளிப் போடாதே.

அளந்த கணக்கை அப்படியே எழுதி அனுப்பு. பொங்கலுக்கு வருகிறேன், இந்தத் தடவையாவது பஸ் ஸ்டாண்டுக்கு நேரத்தில் வந்து சேர்.

அன்புடன்,
செல்வம்