அமானிதாவின் கணக்கு வழக்கு

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. உன் மகள் இரண்டு தோழிகளோடு அனிமேஷன் ஸ்டுடியோ தொடங்கப்போகிறாள் என்று படித்ததில் சந்தோஷம். விளம்பர வேலை எடுத்து ஓட்டுவதா, சொந்தமாக ஒன்று செய்வதா என்று குழம்புகிறாளாம். செக் நாட்டில் ‘அமானிதா டிசைன்’ என்றொரு சின்ன விளையாட்டு ஸ்டுடியோ இருக்கிறது, அதன் வேலைகளை ஆண்டு வாரியாக எடுத்துப் பார்க்கச் சொல். சின்ன ஸ்டுடியோவுக்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் எல்லாரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம். கிளையண்ட் வேலையில் காசு சேர்த்து, பிறகு சொந்த வேலை என்பதுதான் வழக்கமான திட்டம். அங்கே நடந்தது வேறு. அதைத் தொடங்கிய யாகுப் ட்வோர்ஸ்கி 2003-ல் கல்லூரிப் பட்டத்துக்கான இறுதி வேலையாக ‘சாமொரோஸ்த்’ என்ற குட்டி விளையாட்டை ஃப்ளாஷில் (உலாவியில் அசைபடங்களை ஓட்டிய மென்பொருள்) செய்து இணையத்தில் இலவசமாக விட்டார். உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள்: 2004-ல் பாலிஃபோனிக் ஸ்ப்ரீ இசைக்குழு, நைக்கி, 2008-ல் பிபிசி (அதற்குச் செய்த விளையாட்டு ‘க்வெஸ்ச்சனாட்’). வந்தவர்கள் கேட்டதும் அதே பாணி வேலையைத்தான். அதனால் ஒவ்வொரு ஆர்டரும் அவர்கள் கையையே இன்னும் பழக்கியது. உன் மகள் லோகோ அனிமேஷனில் தொடங்கினால் வருகிறவர்களும் லோகோதான் கேட்பார்கள்.

சாமொரோஸ்தின் அமைப்பு சிக்கனமானது. பாசி, மரப்பட்டை போன்றவற்றின் புகைப்படங்களை வெட்டி ஒட்டிய பின்னணி. அதன்மேல் நகர்வது சில சின்ன உருவங்கள் மட்டும். பின்னணி ஒரே ஜேபெக் படம், ஒரு முறை இறங்கினால் போதும். மோடம் காலத்தில் இது பெரிய லாபம். அந்தக் கால ஃப்ளாஷில் வெக்டர் கோடுகளை, அதாவது புள்ளிகளைக் கணக்கிட்டு இணைக்கும் கோடுகளை, ஒவ்வொரு ஃபிரேமிலும் பிராசஸர்தான் வரைய வேண்டும். புள்ளிகள் கூடினால் திணறும். வரைந்ததைப் பிட்மேப்பாக (பிக்சல்களாலான ஆயத்தப் படமாக) நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி எட்டாம் பதிப்பில்தான் வந்தது. அசைவதைக் குறைத்ததால் இந்தத் தொல்லையும் குறைந்தது. 2005-ல் வந்த இரண்டாம் பாகத்தில் முதல் பாதி இலவசம், மறுபாதிக்குக் காசு. முன்பணம் கேட்காமல் வாங்குகிறவரின் ஆவலை அளந்து பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம் 2009-ல் ‘மஷினாரியம்’ என்ற முழு நீள விளையாட்டு. ஏழு பேர், மூன்று வருடம், சொந்தச் சேமிப்பு. விளம்பரத்துக்கு வைத்திருந்தது ஏறத்தாழ 1,000 டாலர். கதாபாத்திரங்கள் பேசுவதில்லை, தலைக்கு மேல் குமிழியில் அசையும் படமாகத்தான் எண்ணம் தெரியும். அழகுக்காக மட்டும் என்று நினைக்காதே. பேச்சு இல்லையென்றால் டப்பிங் இல்லை, உதட்டசைவு இல்லை, மொழிபெயர்க்க வேண்டிய வரிகள் மெனுவில் மட்டும். திருட்டுப் பிரதிகள் பெருகி, காசு கொடுத்து விளையாடியவர்கள் 5 முதல் 15 சதவீதம்தான் இருப்பார்கள் என்று அவர்களே மதிப்பிட்டபோது, 2010 ஆகஸ்டில் விலையை 5 டாலராக்கி ‘பொதுமன்னிப்பு விற்பனை’ நடத்தினார்கள். வக்கீலுக்குச் செலவழித்திருந்தால் அந்தக் காசும் போயிருக்கும்.

சிக்கல் அதன் பிறகுதான். 2011-ல் ஐபேடுக்குப் போனபோது ஐபேட் 2-க்கு மட்டும் வெளியிட்டார்கள். முதல் ஐபேடில் 256 எம்பி நினைவகம், இரண்டாவதில் 512. ஏன் இது இடிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்: 400×300 பிக்சல் உருவம், ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஆக ஒரு ஃபிரேம் 4,80,000 பைட். 200 ஃபிரேம் அசைவு என்றால் சுமார் 96 எம்பி, ஒரே உருவத்துக்கு! டிஸ்கில் பிஎன்ஜியாக, அதாவது சுருக்கிய படக் கோப்பாக, சின்னதாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். நினைவகத்தில் அது விரிந்துதான் உட்காரும். பல ஃபிரேம்களைச் சேர்த்து வைக்கும் ஒரே பெரிய படமான ஷீட்டில், 2048×2048 அளவில், அடுக்கினாலும் ஒன்றுக்கு 30 ஃபிரேம்தான் பிடிக்கும், 7 ஷீட் வேண்டும், ஓரத்தில் வீணாகும் இடம் வேறு. மாற்று என்ன? கை, கால், தலையைத் தனித்தனியே வெட்டிச் சுழற்றுவது. தூரத்தில் நிற்பதைப் பாதி அளவில் வைப்பது. வினாடிக்கு 24-க்குப் பதில் 12 ஃபிரேமில் ஓட்டுவது. கையால் வரைந்த அசைவுக்கு 12 போதும், கண்ணுக்கு உறுத்தாது. ஒரு காட்சி முடிந்ததும் அதன் ஷீட்களை விடுவிக்காமல் போவதுதான் புதியவர்களின் விளையாட்டு மூன்றாம் அறையில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஃப்ளாஷின் கதை உனக்குத் தெரியும். 2020 டிசம்பர் 31-ல் அடோபி கைவிட்டது, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஓடாமல் தடுத்தது. அமானிதா 2021-ல் முதல் சாமொரோஸ்தைப் புதுப்பித்து மறுபடி இலவசமாக விட்டது. மற்ற பல ஸ்டுடியோக்களிடம் திருத்த வசதியான மூலக் கோப்பு போய், எஸ்டபிள்யூஎஃப் (ஃப்ளாஷ் பிளேயரில் ஓடும் முடிந்த கோப்பு) மட்டும் மிஞ்சியது. ஆகவே உன் மகளிடம் அழுத்திச் சொல்: வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு அசைவையும் பிஎன்ஜி வரிசையாகவும், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவும் எடுத்து வைக்க வேண்டும், எழுத்துருக் கோப்புகளோடு. எம்பி3 மட்டும் வைத்தால் தொடக்கத்தில் சேரும் சின்ன மௌனத்தால் சுற்றிவரும் இசையில் இடறும். கிளையண்ட் ஒப்பந்தத்தில் ‘மூலக் கோப்பின் நகல் எங்களிடம் இருக்கும், மாதிரியாகக் காட்டுவோம்’ என்ற வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் செய்த வேலையையே காட்ட முடியாது.

உன் பழைய சிடியில் இருப்பதை இப்போது திறக்க முடியுமா என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயம். எஸ்டபிள்யூஎஃப் கோப்பு என்றால் ஃப்ளாஷ் பிளேயர் இல்லாமலே அதை ஓட்டும் ‘ரஃபில்’ எமுலேட்டரில் போட்டுப் பார். ஃப்ளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டின் 1, 2-ம் பதிப்புகளில் எழுதியவை பெரும்பாலும் ஓடும். 3 என்றால் உறுதியில்லை. ஓடினாலும் சர்வரிலிருந்து தகவல் கேட்கும் பக்கங்கள் வெறுமையாக நிற்கும். உள்ளே இருக்கும் படம், ஒலியை எடுக்க ‘ஜேபெக்ஸ்’ என்ற, கோப்பைப் பிரித்துக் காட்டும் டீகம்பைலர் இருக்கிறது. டைரக்டர் என்ற பழைய மல்டிமீடியா மென்பொருளில் செய்தது என்றால் டிஐஆர் கோப்பா, டிஎக்ஸ்ஆர் கோப்பா பார். முதலாவதைத் திறந்து திருத்தலாம், இரண்டாவது பூட்டியது. அதற்குப் பழைய விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளை முயன்று பார்க்கலாம், சில தலைப்புகள் ஓடுகின்றன. எதையும் தொடுவதற்கு முன் சிடியை முழுசாக ஐஎஸ்ஓ நகலாக (சிடி முழுவதும் ஒரே கோப்பாக) எடுத்துவிடு. கோப்புகளின் பெயர்ப் பட்டியலை அனுப்பினால் எது தேறும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்