வாதாடப் பழக்கும் மையம் தோட்டப்புறத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், 1968ஆம் ஆண்டுப் பட்டதாரிகளின் முயற்சியால், பொதுவாழ்வில் கண்ணியமான விவாதத்தையும் குடிமக்களின் ஜனநாயகப் பங்கேற்பையும் வளர்ப்பதற்கென ஒரு மையம் உருவானது. பேச்சுரிமைக்காக 1964இல் மாணவர் போராட்டம் வெடித்த வளாகம் அது. நம் மலேசியாவின் வடமாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றும் இத்தகைய மையத்தைத் தொடங்க வேண்டும், அதன் பணி வளாகத்துக்குள் முடங்கிவிடாமல் கோல கெட்டில் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் தமிழிலும் நடைபெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் ஊரான கோல கெட்டில், கெடா மாநிலத்தின் பாலிங் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974இன் இறுதியில் ரப்பர் விலை சரிந்து இம்மாவட்டத்துச் சிறுதோட்டக்காரர்கள் வயிற்றுக்கில்லாமல் தவித்தபோது, அவர்களுக்காகக் கோலாலம்பூர் வீதியில் இறங்கியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். 1,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். இன்றைய பிரதமர் அன்வார் இப்ராஹிமும் விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார். மறுஆண்டே பல்கலைக்கழகச் சட்டம் இறுக்கப்பட்டது. வளாகத்தில் கட்சி அரசியலுக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தத்தை மக்களவை 2018 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. எங்களுக்காகப் பேசப்போய் வாயடைக்கப்பட்டவர்கள், பேச இடம் கிடைத்தபின் எங்களிடம் வருவதுதானே முறை?

ஆனால், கண்ணியம் என்ற பெயரில் பணிவைக் கற்பிக்க யாரும் வர வேண்டாம். அதில் தோட்டத் தமிழர்களுக்குத் தேவைக்கு மேலேயே பயிற்சி உண்டு. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்றிருந்த காலத்தில், இறங்காமல் ஓட்டிச்செல்லும் உரிமையையும் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்த்தவர்கள் நம் முன்னோர்.

இன்றைய சிக்கல் வேறு. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கையிலுள்ள ஒரு செலவைப் பற்றி ஒருவர் எழுந்து கேட்டால், பதில் அந்தத் தொகையைப் பற்றி வருவதில்லை, "உன்னை யார் தூண்டிவிட்டது, நீ எந்தக் கட்சி?" என்றுதான் வருகிறது. ஒலிவாங்கி நிறுத்தப்படுகிறது, அடுத்து தேநீர் வருகிறது. (எந்தச் சங்கம் என்று சொல்லத் தேவையில்லை, வாசகர்கள் தத்தம் ஊர்ச் சங்கத்தை நினைத்துக்கொள்ளலாம்.) அன்றிரவே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குரல்பதிவுகளாகத் தொடரும் அந்தச் சண்டை, குடும்பத்தையும் சாதியையும் இழுக்காமல் ஓய்வதில்லை. பதினெட்டு வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. வாக்கு கைக்கு வந்த பிள்ளைகள் விவாதமென்று பார்த்து வளர்வது இதைத்தான்.

மையம் செய்ய வேண்டியதற்குப் பெருஞ்செலவு இல்லை. பயிற்சி பெற்ற மாணவர்கள், முடிந்தால் தோட்டத்துப் பிள்ளைகளே, நடுவராக அமர வேண்டும். எதிர்த்தரப்பு சொன்னதை அத்தரப்பே ஒப்பும்படி திருப்பிச் சொன்ன பிறகே மறுப்புரை என்பது விதியாக வேண்டும். இரு தரப்புத் தகவல்களும் ஒரே தாளில் முன்கூட்டியே அனைவர் கையிலும் இருக்க வேண்டும். நடுவர் வெளியூர்க்காரராக இருப்பது மிக முக்கியம், ஏனெனில் ஊருக்குள் எல்லாரும் மாமன் மச்சான். யார் தீர்ப்புச் சொன்னாலும் அதற்கொரு உறவுமுறை கற்பிக்கப்படும். திறப்பு விழா, பொன்னாடை, அரசியல்வாதியின் சிறப்புரை ஆகியவற்றைத் தவிர்த்தால் பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிடும்.

முதல் தலைப்பையும் முன்மொழிகிறேன். உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான மாவட்ட மன்ற உறுப்பினர்களை இன்றுவரை மாநில அரசே நியமிக்கிறது. தேர்தல் திரும்ப வேண்டும் என்போரும், அது இனப்பூசலுக்கு வழிவிடும் என்று அஞ்சுவோரும் எங்கள் ஊர் உணவகத்தில் ஒரே மேசையில் அமர்கிறார்கள். ஞாயிறு காலையில் மண்டபம் ஏற்பாடு செய்து இவர்களை அழைத்துவரும் பொறுப்பை ஊர்க்காரர்களாகிய நாங்கள் ஏற்கலாம்; நடுவரை அனுப்ப எந்தப் பல்கலைக்கழகம் முன்வரும் என்பதைத் துணைவேந்தர்கள் இந்தக் கடிதப் பகுதியிலேயே தெரிவித்தால் நன்றி உடையவர்களாவோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோல கெட்டில், கெடா