ஏறும்போது உலகச் சந்தை, இறங்கும்போது யார்?

எரிபொருள் வரியை நிர்ணயிக்கும் அமைச்சர்களுக்கும் எண்ணெய் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

பெட்ரோல் விலை ஏன் இவ்வளவு என்று அமைச்சரைக் கேட்டால் உலகச் சந்தை என்கிறார். நிறுவனத்தைக் கேட்டால் வரி என்கிறது. எண்ணெய் விற்கும் நாடுகள், விலை ஏற்ற இறக்கத்தை ஊகித்து வாங்கி விற்கும் வணிகர்களைக் கை காட்டுகின்றன. கடைசியில் திட்டு வாங்குவது பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்து நிற்கும் ஊழியர்தான். பாவம், விலை போடுவதில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது.

விலை ஏறுகிற பழி மொத்தத்தையும் உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. உலகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 கோடி பீப்பாய் எண்ணெயைச் செலவழிக்கிறது. வரத்து கொஞ்சம் குறைந்தாலே விலை துள்ளும். விலை கூடிவிட்டதே என்று மறுநாளே வண்டியை ஓரங்கட்டிவிட யாராலும் முடியாது. 1973 இல் அரபு நாடுகள் ஏற்றுமதித் தடை விதித்தபோது, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. 2022 அக்டோபரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கும் ரஷ்யா உள்ளிட்ட அதன் கூட்டாளிகளும் உற்பத்தி இலக்கை நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் குறைப்பதாக அறிவித்தார்கள். போர், புயல், பழுதாகி நிற்கும் சுத்திகரிப்பு ஆலை, இவையும் உண்டு. சரி, இதெல்லாம் எங்களுக்குப் புரிகிறது.

எனக்குக் கோபம் வருவது விலை இறங்கும் நாட்களில். 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க முன்பேரச் சந்தையில், அதாவது பின்னால் கைக்கு வரும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் இடத்தில், மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது; விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுக்கும் நிலை. எண்ணெயைச் சேமிக்க இடமில்லாத நெருக்கடியில் நேர்ந்த ஒரு நாள் கூத்து அது. அதைக் காட்டி யாரும் இலவசமாகப் பெட்ரோல் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதங்கள் முழுக்க எண்ணெய் மலிவாகத்தான் இருந்தது. அப்போது சில அரசுகள் வரியை ஏற்றி, எங்களுக்கு வர வேண்டிய விலைக் குறைவைக் கஜானாவுக்குத் திருப்பிவிட்டன.

நிறுவனங்களும் இதில் சளைக்கவில்லை. பிரிட்டனின் பெட்ரோல் விலைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் ராபர்ட் பேக்கன், ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று 1991 இலேயே எழுதினார். அதே நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் 2023 இல் விசாரித்தபோது, சூப்பர்மார்க்கெட்டுகள் நடத்தும் பெட்ரோல் பங்குகளின் லாப வரம்பு 2019க்கும் 2022க்கும் இடையில் லிட்டருக்குச் சராசரியாக 6 பென்ஸ் கூடியிருந்தது தெரியவந்தது. இந்த 6 பென்ஸுக்கு எந்த எண்ணெய் வள நாட்டைப் பழி சொல்வது?

பெட்ரோலுக்கு வரியே கூடாது என்பது என் வாதமல்ல. சாலை போட, புகையைக் குறைக்க, பேருந்து விட வரி வேண்டும். அதை வெளிப்படையாகச் சொல்லி வாங்குங்கள். சந்தை நிலவரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு வாங்காதீர்கள்.

நான் கேட்பது முடியாத காரியமும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல், பெட்ரோல் பங்குகள் மறுநாள் விலையை முந்தின நாளே அரசுக்குத் தெரிவித்து, 24 மணி நேரம் அதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு ஊற்றலாமா, நாளைக்கா என்று அங்கே ஒருவர் பார்த்து முடிவெடுக்க முடிகிறது. இதற்குப் பெரிய செலவோ புதிய கண்டுபிடிப்போ தேவைப்படவில்லை.

அப்புறம், எங்கள் ரசீதில் லிட்டருக்குக் கச்சா எண்ணெய் எவ்வளவு, சுத்திகரிப்பு எவ்வளவு, போக்குவரத்து எவ்வளவு, டீலர் கமிஷன் எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியே அச்சிடுங்கள். அடுத்த முறை கச்சா எண்ணெய் இறங்கினால் எத்தனை நாளில் விலையைக் குறைப்பீர்கள் என்பதை இப்போதே எழுத்தில் கொடுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தினமும் வண்டியில் வேலைக்குப் போகும் ஒருவர்