எசனிலிருந்து அம்மா

எசன்
ஞாயிறு இரவு

அன்பான பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் பழைய மாதிரித்தான். நீ போன் எடுத்து நாலு கிழமை. வேலை கூடவாக்கும் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பேர்லினில் நல்ல குளிராம், அந்தத் தடித்த கோட்டைப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்றைக்கு நீ கூட்டிக்கொண்டு போன பழைய சினகோகே, அந்த யூதர்கள் தொழுத கோயில், கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இத்தனை வருசம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தேன், ஏதோ பெரிய சேர்ச் என்று நினைத்துக்கொண்டு. 1913இல் கட்டி முடித்தது, 1938 நவம்பரில் நாசிகள் உள்ளே கொளுத்தியும் வெளிக்கல் நின்றுவிட்டது என்று சொன்னாய். அதைக்கூட விளங்கிக்கொள்ளலாம். பிறகு நடந்ததுதான் எனக்கு மனதை விட்டுப் போகவில்லை. 1959இல் நகரசபை அதை வாங்கி, வேதச்சுருள் வைக்கும் மாடத்தையும் அகற்றிவிட்டு, 1961இலிருந்து வீட்டுப் பாவனைச் சாமான் காட்டுகிற கண்காட்சி. அவர்கள் தொழுத இடத்தில் சட்டியும் கரண்டியும். 1979இல் கரண்ட் கோளாறில் தீப்பிடித்த பிறகுதான், அடுத்த வருசம் நினைவிடம் ஆக்கினார்களாம். இக்கன்ஹவுசனில் இன்னொன்றைத் தீயணைக்கும் வண்டி விடுகிற இடமாக்கினார்கள் என்று நீ சொன்னபோது சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

"அந்த நேரம் சனம் என்ன செய்யிறது, பயம்தானே" என்றேன். "கோர்லிட்ஸில சினகோகேயைத் தீயணைப்புக்காரர் வந்து அணைச்சவை, அம்மா" என்றாய். பிறகு ரயில் ஏறும்வரை ஒரு கதையும் இல்லை.

நீ என்னத்தைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் சனம் இருந்த சோனகதெருவைப் பற்றி எங்கேயோ வாசித்திருக்கிறாய். இப்படித் தேடி வாசிக்கிற பிள்ளை என்று ஆக்களிடம் பெருமையாய்ச் சொல்லுவேன். ஆனால் பெற்ற தாயை அந்தப் பார்வை பார்த்திருக்க வேண்டாம்.

1990 ஒக்டோபர் 30. ஊரை விட்டுப் போகச் சொல்லிப் புலிகள் அந்தச் சனத்துக்கு 2 மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். பின்வீட்டு ராத்தா வேலியடியில் நின்று என்னைக் கூப்பிட்டா. நான் குசினிக்குள் இருந்தேன். கேட்டது. வெளியே வரவில்லை.

கொஞ்ச நாளால் ஒரு கடை வாசலில் அவர்களின் சாமான்கள் விலைக்கு இருந்தன. ராத்தாவின் தையல் மெசினும். பலகையில் ஸ்திரிப்பெட்டி சுட்ட அடையாளம், எனக்குத் தெரியாததா? என் முதல் சட்டையே அதில்தான் அவ தைத்துத் தந்தவ. அரைவிலைக்குக் கேட்டு வாங்கினேன். நான் வாங்காவிட்டால் வேறு யாரும் வாங்குவார்கள் என்று நினைத்தேன். கூடத்தில் தொங்குகிற படத்தில் அண்ணா போட்டிருக்கிற நீலச் சட்டை அதில் தைத்தது.

மெசின் இப்பவும் சின்னம்மா வீட்டு விறாந்தையில்தான் கிடக்கிறது. அப்பாவுக்கு அது யாருடையது என்று தெரியாது. வியாழன் பின்னேரம் அவர் முழங்காலுக்குக் காட்டப் போவார், வர 5 மணியாகும். அந்த நேரம் எடு. கோட்டைப் போடு பிள்ளை.

அம்மா