இயங்குதளத்தைப் பார்த்து ஆட்டக்காரரைத் தடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணைய விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்கள் விண்டோஸ் அல்லாத இயங்குதளங்களுக்கும், குறிப்பாக லினக்ஸுக்கும், ஆதரவு தர வேண்டுமா என்ற கேள்விக்கு அந்நிறுவனங்களிடமிருந்து நெடுங்காலமாக ஒரே பதில்தான் வருகிறது: பயன்படுத்துவோர் மிகக் குறைவு, ஆகும் செலவோ அதிகம். அந்தப் பதிலில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனிப் பதிப்பு தயாரித்தே தீர வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் வற்புறுத்துவது இன்றும் முறையாகாது. ஆனால், நிறுவனம் கூடுதலாக ஒரு வரி நிரல்கூட எழுதாமலேயே லினக்ஸில் நன்றாக ஓடக்கூடிய ஒரு விளையாட்டை, ஆட்டக்காரரின் இயங்குதளத்தை மட்டும் பார்த்துத் தடுத்து நிறுத்துவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

தனிப் பதிப்புகளின் வரலாறு ஊக்கம் தருவதாக இல்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. 2007இல் லினக்ஸ் பதிப்பை வெளியிட்ட ஈவ் ஆன்லைன், 2009இல் அதைக் கைவிட்டது. 2013இல் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளம் லினக்ஸுக்கு வந்தபோது பல நிறுவனங்கள் ஆர்வத்துடன் தனிப் பதிப்புகளைக் கொண்டுவந்தன. ஆனால் 2019இல் ரஸ்ட் விளையாட்டும், 2020 மார்ச்சில் ராக்கெட் லீக் விளையாட்டும் அவற்றை நிறுத்திக்கொண்டன. ஒரு சிறு குழு பல லினக்ஸ் வழங்கல்களிலும் (வெவ்வேறு குழுக்கள் தொகுத்து வெளியிடும் லினக்ஸ் வகைகள்), வெவ்வேறு கிராபிக்ஸ் டிரைவர்களிலும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) தன் விளையாட்டைச் சோதித்துப் பார்த்து, ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் அதே வேலையை மீண்டும் செய்வது எளிதன்று. பாதி மனத்துடன் பராமரிக்கப்பட்டு, மற்ற பதிப்புகளைவிட வாரக்கணக்கில் பின்தங்கி நிற்கும் ஒரு தனிப் பதிப்பால் ஆட்டக்காரர்களுக்கும் பெரிய பயன் கிடைக்கவில்லை.

இந்த நிலையை மாற்றியது புரோட்டான் என்னும் மென்பொருள். 1993இல் தொடங்கிய வைன் என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு இயங்குதளத்திடம் கேட்பவற்றை எல்லாம், இரு மொழி அறிந்த ஒருவர் நடுவில் நின்று எடுத்துச் சொல்வதைப் போல, லினக்ஸுக்குப் புரியும் வகையில் இது மாற்றிக் கொடுக்கிறது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வழியாகத் திரையில் படம் வரையச் சொல்லும் கட்டளைகள், லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற வரைகலை முறையின் கட்டளைகளாக மாறிச் செல்கின்றன. 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி முழுக்க லினக்ஸில் இயங்குவது. அதில் ஆடப்படும் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸுக்காக மட்டுமே எழுதப்பட்டவை. பல ஆண்டுகளாக ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்த லினக்ஸ் பயனர்களின் பங்கு, ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் 2025 அக்டோபரில் மூன்று சதவீதத்தைக் கடந்தது. சிறிய பங்குதான். ஆனாலும் தனிப் பதிப்புக்கான செலவே இல்லாமல் வந்து சேரும் ஆட்டக்காரர்கள் இவர்கள்.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? தனியாக ஆடும் விளையாட்டுகளில் அது பெரும்பாலும் நீங்கிவிட்டது. பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளில் மட்டும், ஏமாற்றி ஆடுவோரைக் கண்டறியும் ஆன்டி-சீட் மென்பொருளின் வடிவில் அது நிற்கிறது. பரவலாகப் பயன்படும் ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுடன் இணைந்து இயங்க வழிசெய்துவிட்டன. அதை இயக்கலாமா வேண்டாமா என்ற முடிவு மட்டும் அந்தந்த விளையாட்டு நிறுவனத்திடம் விடப்பட்டது. டேஇசட், ஆர்மா 3 போன்றவை அனுமதித்தன. வேறு சில மறுத்தன. அனுமதித்துவிட்டுப் பின்னர் விலக்கிக்கொண்டவையும் உண்டு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022இல் ஸ்டீம் டெக்குக்குத் தகுதியானது என்ற சான்றையே பெற்றிருந்தது; 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸ் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் அது மூடப்பட்டது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ மென்பொருளைச் சேர்த்தது. அம்மென்பொருள் புரோட்டானில் இயங்க வழி இருந்தும் அதைத் திறந்துவிடவில்லை.

நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை நேர்மையாக எடைபோட வேண்டும். லினக்ஸில் பயனர் தன் கணினியின் கெர்னலையே, அதாவது வன்பொருளையும் எல்லா நிரல்களையும் கட்டுப்படுத்தும் இயங்குதளத்தின் மையப் பகுதியையே, மாற்றி அமைத்துக்கொள்ள முடியும். புரோட்டானுக்குள் இயங்கும் ஆன்டி-சீட் மென்பொருளால் அதற்குக் கீழே நடப்பதைப் பார்க்க முடியாது. ஆகவே ஏமாற்றுவோருக்கு அது வசதியான வழியாகிறது என்பது அவர்கள் வாதம். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸை உருவாக்கியவர்கள் கூறிய காரணமும், எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் தலைவர் டிம் ஸ்வீனி 2022இல் ஃபோர்ட்நைட் குறித்துக் கூறிய காரணமும் ஏறத்தாழ இதுவே. இது வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். சுவருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்துச் சுடும் ஒரே ஓர் ஆள் அந்த ஆட்டத்தில் இருக்கும் அத்தனை பேரின் மாலைப்பொழுதையும் வீணாக்கிவிடுகிறார். ஏமாற்று பெருகிய விளையாட்டை விட்டு நேர்மையானவர்கள்தான் முதலில் விலகுகிறார்கள்.

எனினும் கெர்னலுக்குள் நுழைந்து காவல் காப்பது விண்டோஸிலும் ஏமாற்றை ஒழித்துவிடவில்லை. நினைவகத்தை நேரடியாகப் படிக்கும் அட்டையைக் கணினியில் பொருத்தி, எதிரிகளின் இருப்பிடத்தை வேறொரு கணினியின் திரையில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். திரையில் தெரியும் படத்தை மட்டுமே ஆராய்ந்து குறிபார்த்துத் தரும் நிரல்களும் இருக்கின்றன. இவற்றைச் செய்ய லினக்ஸ் தேவையில்லை. மறுபுறம், கெர்னல் அளவிலான அனுமதியைக் கொடுப்பதால் வரும் ஆபத்தை நேர்மையான ஆட்டக்காரர்கள் சுமக்கிறார்கள். 2016இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 விளையாட்டுடன் வந்த டிரைவர் ஒன்றில் பெரும் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்ததும் அது அவசரமாகத் திரும்பப் பெறப்பட்டது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஆன்டி-சீட் டிரைவரைப் பயன்படுத்தி, கணினியின் வைரஸ் தடுப்பு மென்பொருளை முடக்கிவிட்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் பணயத் தாக்குதல் நடத்தப்பட்டது 2022இல் வெளிவந்தது. அந்த விளையாட்டு நிறுவப்படாத கணினியிலும் அந்த டிரைவரை மட்டும் கொண்டுவந்து தாக்க முடிந்தது என்பது இதில் கூடுதல் கவலை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது விளையாட்டு தொடர்பானதன்று என்றாலும், கெர்னலில் இயங்கும் ஒரு மென்பொருள் தவறினால் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதை உலகமே அன்று கண்டது.

ஏமாற்றைத் தடுக்க இன்னும் உறுதியான இடம் சர்வர், அதாவது ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் மையக் கணினி. ஆட்டக்காரர் பார்க்கக் கூடாத தகவலை அவர் கணினிக்கே அனுப்பாவிட்டால், அதைத் திருடிக் காட்ட எந்த நிரலாலும் முடியாது. மிகக் கடுமையான கெர்னல் காவலை வைத்திருக்கும் வேலரன்ட் விளையாட்டிலேயே, எதிரி கண்ணில் படப்போகும் தருணம் வரை அவரது இருப்பிடத்தை அனுப்பாமல் வைத்திருக்கும் முறை உள்ளது. வால்வ் நிறுவனம் தன் விளையாட்டுகளில் ஆட்டக்காரர்களின் அசைவுகளைச் சர்வரிலேயே இயந்திரக் கற்றல் மூலம் ஆராய்கிறது. கவுண்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்புகள் இருக்கின்றன. கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஏமாற்றுவோரே இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அது குறித்த குறைகூறல்கள் நிறையவே உண்டு. ஆனால் லினக்ஸ் ஆட்டக்காரர்களை வெளியேற்றித்தான் பெரிய இணைய விளையாட்டை நடத்த முடியும் என்ற கூற்று பொய் என்பதற்கு அது போதுமான சான்று. முழுத் தடைக்கும் முழு அனுமதிக்கும் நடுவிலும் வழிகள் உள்ளன. தரவரிசைப் போட்டிகளை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு, நண்பர்களுடன் ஆடும் சாதாரண ஆட்டங்களையும் கணினியை எதிர்த்து ஆடும் ஆட்டங்களையும் அனைவருக்கும் திறந்துவிடலாம். வேலை முடிந்து வந்து நான்கு நண்பர்களுடன் ஒரு மணி நேரம் ஆட விரும்புபவரை, உலகத் தரவரிசைக்காகப் போராடுபவருக்கு விதிக்கும் அதே கட்டுப்பாட்டுக்கு உட்படுத்த வேண்டிய தேவை என்ன?

மேக் கணினிகளின் கதை சற்று வேறு. 32-பிட் என்னும் பழைய வகை மென்பொருள்களுக்கான ஆதரவை ஆப்பிள் நிறுவனமே 2019இல் நிறுத்தியதால் பல பழைய விளையாட்டுகள் அங்கே இயங்காமல் போயின. அதற்கு விளையாட்டு நிறுவனங்களை மட்டும் குறைசொல்ல முடியாது. இருந்தும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004இல் வெளிவந்த நாள் முதல் விண்டோஸ், மேக் ஆகிய இரு தளங்களிலும் நடந்து வருகிறது.

இக்கேள்வி இன்று முன்பைவிட அவசரமானது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் அத்தகைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் பாதுகாப்பான மாற்று. அலுவலக வேலை, படிப்பு, இணையம், திரைப்படம் என்று மற்ற எல்லாத் தேவைகளுக்கும் அது போதுமானதாக இருந்தும், விரும்பி ஆடும் ஒரே ஒரு இணைய விளையாட்டுக்காகத் தயங்கி நிற்பவர்கள் பலர். அவர்கள் எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதை ஒரு விளையாட்டு நிறுவனத்தின் முடிவு தீர்மானிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, கொடுத்ததைத் திரும்பப் பெறும் வழக்கம். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டின் இணையப் பகுதி ஒரு புதுப்பிப்புக்குப் பின் மூடப்படுவதும், இலவச விளையாட்டானாலும் அதன் அலங்காரங்களுக்குச் செலவிட்டவர் தன் கணக்கைத் திறக்கவே முடியாமல் போவதும் சாதாரண வணிக முடிவுகளாகக் கடந்து செல்லத்தக்கவை அல்ல. ராக்கெட் லீக் விளையாட்டை நடத்தியவர்கள் லினக்ஸ், மேக் பதிப்புகளை நிறுத்தியபோது பணத்தைத் திருப்பிக் கேட்க வழிசெய்தார்கள். இயங்குதள ஆதரவை விலக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதுவே குறைந்தபட்சக் கடமையாக இருக்க வேண்டும். போதிய முன்னறிவிப்பும் தரப்பட வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே உண்மை தெரிவதற்கும் ஏற்பாடு வேண்டும். கெர்னல் அளவிலான ஆன்டி-சீட் மென்பொருளைப் பயன்படுத்தும் விளையாட்டுகள் அதை விற்பனைப் பக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்று ஸ்டீம் தளம் 2024 அக்டோபரில் விதித்தது. விளையாட்டின் இணையப் பகுதி எந்தெந்த இயங்குதளங்களில் இயங்கும், எதில் இயங்காது, ஆதரவு எதுவரை உறுதி என்பவற்றையும் அதே பக்கத்தில், அதே கட்டாயத்துடன், எல்லா விற்பனைத் தளங்களும் கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயன்படுத்தும் ஒரு வாசகர்