பொதுச் சர்வரில் ஆளுக்கொரு வரப்பு: பல்கலைக்கழகக் கணினி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி மையப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பல துறைகளின் ஆய்வு மாணவர்கள் ஒரே லினக்ஸ் சர்வரில் நுழைந்து வேலை பார்க்கும் ஏற்பாட்டை நடத்துகிறவர்கள் நீங்கள். அப்படிப்பட்ட ஒரு சர்வரை நாள் முழுக்கப் பயன்படுத்தும் நிரலாளன் நான். சொந்தமாகச் சர்வர் வாங்க வசதியுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு நான் எழுதப்போகும் விஷயம் பெரிதாகப் படாது. நிதி இல்லாத துறையிலிருந்து வரும் மாணவிக்கோ உங்கள் சர்வரை விட்டால் வேறு கதியில்லை. அவரை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான்: ரேமை ஆள்வாரியாகக் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் வரப்பு கட்டுங்கள். அதற்கான வசதி 2008 முதல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் வளர்ந்துவந்து, இன்று முழுமையாக இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லை. இருந்தும் பல இடங்களில் அதைத் தொடாமலேயே விட்டிருக்கிறார்கள்.

தொடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 128 ஜிபி ரேம் உள்ள சர்வர். ஒரு மாணவி மரபணுத் தரவை அலசும் நிரலை நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அது ஒரே பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரு பிரதி), பிடித்திருப்பது 20 ஜிபி. இரவில் வேறொருவர் பைத்தானில் 32 துணை பிராசஸ்களைக் கிளப்பிவிட்டுத் தூங்கப் போகிறார். ஒவ்வொன்றும் 3 ஜிபி, ஆக மொத்தம் 96 ஜிபி. மற்றவர்கள் பிடித்திருப்பதும் சேர்ந்து ரேம் தீர்ந்துபோகிறது. ரேம் தீரும்போது ஒரு பிராசஸைக் கொன்று இடத்தை மீட்கும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் களத்தில் இறங்குகிறது. அது ஆளைப் பார்ப்பதில்லை. தனித்தனி பிராசஸ்களில் எது அதிக நினைவகம் பிடித்திருக்கிறது என்று பார்த்து அதைக் கொல்கிறது. 96 ஜிபி பிடித்தவரின் 32 பிராசஸ்களும் தப்பிக்கின்றன. 20 ஜிபி மாணவியின் நிரல் சாகிறது. காலையில் அவர் திரையில் மிஞ்சியிருப்பது 'கில்டு' என்ற ஒற்றைச் சொல். ஏன் என்ற விவரம் கெர்னல் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் படிக்கும் அனுமதி பெரும்பாலும் உங்களுக்கு மட்டுமே உண்டு. தன் நிரலில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, இல்லாத பிழையை அவர் வாரக்கணக்கில் தேடுவார்.

இதற்கு மருந்தாகச் சிலர் யூலிமிட் என்ற வரம்புக் கட்டளை மூலம் மெய்நிகர் நினைவகத்துக்கு வரம்பு போடுகிறார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைத்தான் செய்தார்கள். மறுநாளே பாதிப் பேரின் ஜாவா நிரல்கள் தொடங்க மறுத்தன. மெய்நிகர் நினைவகம் என்பது ஒரு நிரல் தனக்கென்று குறித்துவைத்துக்கொள்ளும் முகவரிகளின் பரப்பு. அதில் எவ்வளவுக்கு உண்மையான ரேம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு கணக்கு. இந்தப் பரப்பின் சிறு துண்டுக்குப் பக்கம் என்று பெயர். நிரல் ஒரு பக்கத்தை முதன்முதலாகத் தொடும்போதுதான் கெர்னல் அதற்கு 4 கேபி ரேமைக் கொடுக்கிறது. ஜாவாவும் கோ மொழியும் தாராளமாக முகவரிகளை ஒதுக்கிவைத்துக்கொண்டு சிறு பகுதியை மட்டுமே தொடும். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்க உதவும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துத் தொகுத்தால், குட்டி நிரல்கூட 16 டெராபைட்டுக்கு மேல் மெய்நிகர் நினைவகம் காட்டும். ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் 'டாப்' திரையின் 'விர்ட்' பத்தியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாணவருக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்புவது அநியாயம். போகட்டும், அந்த வரம்பாவது அத்துமீறலைத் தடுக்கிறதா? அதுவும் இல்லை. யூலிமிட் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனியாகப் பொருந்துவது. 32 பிராசஸ் கிளப்பியவருக்கு 32 மடங்கு வரம்பு கிடைத்துவிடும்.

ரேமில் இடம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கிவைக்க வட்டில் விடப்படும் இடமான ஸ்வாப்பை அடியோடு நிறுத்திவிடுவது இன்னொரு வழக்கம். ஸ்வாப் இருப்பதால்தான் சர்வர் மந்தமாகிறது என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. ஸ்வாப் இல்லாவிட்டாலும் கெர்னலுக்கு நெருக்கடி வந்தால் எதையாவது வெளியேற்றியாக வேண்டும். நிரல்கள் கணக்குக்காகக் கேட்டு வாங்கிய பக்கங்களை எழுதிவைக்க இடமில்லாததால், வட்டில் மூலப்பிரதி உள்ள பக்கங்களின் மீது கைவைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கட்டளைப் பக்கங்களும் அவற்றில் அடக்கம். கட்டளைகளை வாங்கும் ஷெல்லையும் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சையும் வெளியேற்றுவதும் அடுத்த நொடியே வட்டிலிருந்து திரும்ப வாசிப்பதுமாக அல்லாடும். ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் தெரிய நிமிடமாகிறதே, அந்த நிலை இதனால்தான். ரேமில் ஒரு வாசிப்புக்குச் சுமார் 100 நானோ நொடி ஆகும். எஸ்எஸ்டியில் சுமார் 100 மைக்ரோ நொடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் வட்டில் 10 மில்லி நொடி வரை, அதாவது லட்சம் மடங்கு. அளவான ஸ்வாப் இருந்தால் நாள்கணக்கில் தொடப்படாத பக்கங்கள் அங்கே ஒதுங்கும். ஓடும் வேலைக்கு ரேம் மிஞ்சும்.

இந்த அல்லாட்டம் நேற்று முளைத்த சிக்கல் அல்ல. மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே மெய்நிகர் நினைவகம் வந்துவிட்டது. பலர் பகிர்ந்துகொண்ட கணினிகள் இப்படி முடங்கிப்போவதை ஆராய்ந்த பீட்டர் டென்னிங், 1968-இல் அதன் காரணத்தை விளக்கினார். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உண்மையாகவே தேவைப்படும் பக்கங்களின் தொகுப்பு ஒன்று உண்டு. ஓடும் நிரல்கள் அத்தனையின் தொகுப்புகளும் ரேமுக்குள் அடங்கினால் எல்லாம் சீராக நடக்கும். அடங்காவிட்டால் யாருக்குமே வேலை நடக்காது. அவரவர் தொகுப்புக்கு இடம் உறுதிசெய்யப்பட வேண்டும் என்பது அப்போதே தெரிந்த பாடம்.

இனி வரப்புக்கு வருகிறேன். பிராசஸ்களைக் குழுக்களாகப் பிரித்து வரம்பு போடும் கெர்னல் வசதிக்குச் சி-குரூப் என்று பெயர். அதன் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு பயனருக்கும் நான்கு அளவுகளைக் கவனித்தால் போதும். 'மெமரி.ஹை' எல்லையைத் தாண்டினால் அந்தப் பயனரின் நிரல்களை மட்டும் கெர்னல் மெதுவாக்கி, அவருடைய பக்கங்களையே முதலில் வெளியேற்றும். 'மெமரி.மேக்ஸ்' எல்லையைத் தொட்டும் இடம் கிடைக்காவிட்டால், சாவது அவருடைய குழுவுக்குள் இருக்கும் பிராசஸ் மட்டுமே. 'மெமரி.லோ' என்பது பாதுகாப்பு: மற்றவர்கள் எவ்வளவு நெருக்கினாலும் இந்த அளவுவரை இவருடைய பக்கங்களில் கெர்னல் எளிதில் கைவைக்காது. 'மெமரி.ஸ்வாப்.மேக்ஸ்' ஒருவரே ஸ்வாப் முழுவதையும் நிரப்பிவிடாமல் தடுக்கும். மேலே சொன்ன இரவில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால், 32 பிராசஸ் கிளப்பியவரின் வேலை அவருடைய எல்லைக்குள்ளேயே முட்டி நின்றிருக்கும். மாணவியின் கணக்கு ஓடி முடிந்திருக்கும்.

128 ஜிபியை 40 பேருக்குச் சமமாகப் பிரித்துவிடாதீர்கள். ஆளுக்கு 3 ஜிபி சொச்சம் வரும். அதை வைத்துக்கொண்டு உருப்படியான ஆய்வு எதையும் செய்ய முடியாது. பத்துக் கோடி வரிசையும் பத்துப் பத்தியும் கொண்ட எண் அட்டவணை ஒன்றை ஏற்றினாலே, எண்ணுக்கு 8 பைட் வீதம் 8 ஜிபி ஆகிவிடும். ஒரு நகல் எடுத்தால் 16. எல்லாரும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதும் இல்லை. ஆளுக்கு 2 ஜிபி பாதுகாப்பு, 24 ஜிபியில் வேகத்தடை, 32 ஜிபியில் முற்றுப்புள்ளி என்று தொடங்கிப் பாருங்கள். 40 பேரின் பாதுகாப்பும் சேர்ந்து 80 ஜிபிதான். எஸ்எஸ்ஹெச் முதலான அமைப்புச் சேவைகளுக்கும் 4 ஜிபியாவது இதே வழியில் காப்பாற்றிவையுங்கள். நிர்வாகியே உள்ளே நுழைய முடியாமல் மின்சாரத்தைத் துண்டிக்கும் நிலை அப்போது வராது. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: பயனர்களின் குழுக்களுக்கு மேலே உள்ள தாய்க்குழுவுக்கும் 'மெமரி.லோ' கொடுக்காவிட்டால் கீழே எழுதியது செல்லாது. இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி, வசதியே வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

டெபியன் 11, உபுண்டு 22.04, ரெட்ஹேட் 9 ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் எல்லாவற்றிலும் சி-குரூப் இரண்டாம் பதிப்பு நிறுவும்போதே இயங்கும் நிலையில் இருக்கிறது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான சில வரிகளை ஒரே கோப்பில் எழுதினால் வரம்புகள் அமலுக்கு வந்துவிடும். சென்ட்ஓஎஸ் 7-ஐ விடாமல் பிடித்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவும் 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. 32 ஜிபிக்கு மேல் வேண்டியவர்களை வேலைகளை முறைப்படி ஓடவிடும் ஸ்லர்ம் மென்பொருளின் வரிசைக்கு அனுப்புங்கள். தேவையை முன்கூட்டியே சொல்லி முறைக்குக் காத்திருப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை. சொன்ன அளவைத் தாண்டாமல் ஸ்லர்மும் இதே சி-குரூப்பை வைத்துக் காவல் காக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். நெருக்கடியை எங்களுக்கும் காட்டுங்கள். 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20 கெர்னல் முதல், நினைவகத்துக்காக நிரல்கள் எத்தனை சதவீத நேரம் முடங்கிக் கிடந்தன என்பதைக் கெர்னலே கணக்கிட்டுச் சொல்கிறது. பத்து நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று மூன்று சராசரிகள். 'ஃப்ரீ' கட்டளையில் காலி ரேம் குறைந்திருப்பதைப் பார்த்துப் பதறுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். காலியாகத் தெரியாத ரேமில் பெரும்பகுதி கோப்புகளின் தற்காலிகப் பிரதியாக இருக்கலாம், கேட்டவுடன் திரும்பக் கிடைத்துவிடும். சர்வருக்குள் நுழைந்ததும் அந்தச் சராசரிகளும், நான் பிடித்திருக்கும் அளவும், என் எல்லையும் மூன்று வரிகளில் தெரிந்தால் நானே என் வேலையைத் தள்ளிவைப்பேன். பக்கத்தில் இருப்பவர்களும் தள்ளிவைப்பார்கள் என்றே நம்புகிறேன். தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

ஒருவருடைய பிராசஸ் கொல்லப்பட்டால் எந்த எல்லையில், எவ்வளவு பிடித்திருந்தபோது என்ற விவரம் அவருக்கு மின்னஞ்சலில் போகட்டும். பெயர்ப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி அவமானப்படுத்தும் பழக்கம் வேண்டாம்.

அடுத்த பராமரிப்பு நாளில் ஒரு சர்வரில் மட்டும் இதைச் செய்துபாருங்கள். எல்லைகள் குறைவாகப் பட்டால் ஏற்றலாம். சர்வரை மறுதொடக்கம் செய்யாமலேயே மாற்றலாம். அமைப்புக் கோப்பை எழுதித்தரவும், மாணவர்களுக்கு ஒரு பிற்பகல் உட்கார்ந்து விளக்கவும் நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் சர்வரை நம்பியிருக்கும் ஒரு நிரலாளன்